கட்டைவிரலால் வாங்கிய சீட்டு

பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. வெள்ளானூரில் எங்கள் வீட்டுக்குள் ஒரு மழைநாளில் நாகப்பாம்பு புகுந்து, சமையலறை நடுவில் படமெடுத்து நின்றபோது, அதன் கண்ணைப் பார்த்து, "வந்த வழியாப் போ" என்று அதட்டி அனுப்பியவள் நான்.

சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். அது நாகம் இல்லை, சாரை. படம் எடுக்கவில்லை, சாரைக்கு அந்த வழக்கமே கிடையாது. நான் அதட்டியது கட்டிலின் மேல் ஏறி நின்றுகொண்டு. அது போனதும் என் அதட்டலுக்காக அல்ல, அதற்கு வேறு எங்கேயாவது வேலை இருந்திருக்கும். ஆனாலும் இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னொரு தபா சொல்லு பெரிம்மா" என்று கேட்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். பெயர் வனஜா. என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவாளே தவிர, உறவு ஒன்றும் இல்லை. நான் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் எங்கள் தெருவுக்கு இடியாப்பம் கொண்டு வருகிறவள். இது அவளுடைய கதை.

வெள்ளானூரில் அவளைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் மகளின் குரலைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. வனஜா காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று, புதிதாக வந்த அடுக்குமாடி வீடுகளுக்கெல்லாம் சேர்த்து, ஆவடி எல்லை வரைக்கும் சைக்கிளில் போவாள். பின்னால் கேரியரில் அலுமினியப் பெட்டி. முன்னால் ஹேண்டில்பாரில் சின்னதாக ஒரு ஸ்பீக்கர். "இடியாப்பம், சூடான இடியாப்பம், தேங்காப்பூ சக்கரையோட இடியாப்பம்" என்று அது கூவும். மகள் யுவராணி பிளஸ் டூ படித்தபோது செல்போனில் பதிந்து கொடுத்த குரல் அது. யுவராணி இப்போது கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகிறாள், குரலும் தடித்துவிட்டது. ஸ்பீக்கருக்குள் மட்டும் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளையாகவே இருக்கிறாள். சைக்கிளும் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்ததுதான். மகள் படித்து முடித்ததும் அம்மா ஏறிக்கொண்டாள்.

வனஜாவின் கணவர் சின்னசாமி லாரி ஓட்டுகிறவர். பாதி நாள் ஆந்திரா பக்கம் இருப்பார். வீட்டை ஓட்டுவது அந்தச் சைக்கிள்தான். தண்ணீர் லாரி உரசிக்கொண்டு போனால், "யோவ், ரோடு உன் மாமியார் ஊட்டு சீதனமா?" என்று கத்துவாள். நாய் துரத்தினால் சைக்கிளை நிறுத்தி நாயைத் துரத்துவாள். இப்படிப்பட்டவளைத்தான் பயம் வந்து பிடித்தது. அதுவும் சைக்கிள் சீட்டு வழியாக.

ஆடி பிறந்த வாரம். காலையில் என் வீட்டு கேட் முன்னால் யுவராணி கூவிக்கொண்டே இருந்தாள். வழக்கமாக ஒரு முறை கூவியதும் மணி அடித்துப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். வனஜா சைக்கிளை விட்டு இறங்கி, அதைப் பிடித்துக்கொண்டு, கால்களைக் கொஞ்சம் அகட்டி நின்றிருந்தாள்.

"என்னடி, உம் பொண்ணு தொண்டை கிழியக் கத்துறா. நீ செலை மாதிரி நிக்கிற?"

"பெரிம்மா, ஒண்ணு சொல்வேன். சிரிக்கக்கூடாது. அத்த வெச்சி கதையும் கட்டக்கூடாது."

"சத்தியமா மாட்டேன்."

"உன் சத்தியம் எனக்குத் தெரியாதா? சரி, வேற யாராண்ட நான் சொல்றது."

ஸ்பீக்கரை அணைத்தாள். வீட்டு வாசலில் நிற்கும்போது அவள் அதை அணைத்து நான் பார்த்ததே இல்லை. தெரு முழுவதும் திடீரென்று காது கேளாமல் போனது போல இருந்தது. உள்ளே வந்து, கதவைச் சாத்தச் சொல்லி, மின்விசிறியையும் போடச் சொன்னாள். அந்தச் சத்தத்துக்கு அடியில் மெதுவாகச் சொன்னாள்.

உட்காருகிற இடத்தில், பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கட்டி. சுண்டைக்காய் அளவு. கொஞ்ச நாளாகவே இருக்கிறது. அது மட்டும் இல்லை.

"ஒரு சுத்து மிதிச்சி எறங்குனா அங்க மரத்துப் போவுது பெரிம்மா. என் ஒடம்பு மாதிரியே இல்ல. தொட்டா யாரோ இன்னொருத்தர தொட்ட மாதிரி கீது."

"டாக்டர்கிட்ட போனியா?"

அவள் முகம் மூடிக்கொண்டது. "எங்கம்மாக்கும் அங்கதான் ஆரம்பிச்சிது."

அவள் அம்மா வேம்புலியம்மாளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் நாற்று நடப் போய், பிறகு கட்டிட வேலைக்குப் போன மனுஷி. தனக்கு இருந்ததை யாரிடமும் சொல்லாமல் புடவைக்குள் வைத்துக்கொண்டே இருந்து, நிற்க முடியாத நாளில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள்.

"பேரு வெச்சதுக்கு அப்பால எங்கம்மா ஒரு பொங்கல் பாக்கல. பேரு வெக்காத வரிக்கும் அது வெறும் கட்டி. நான் போமாட்டேன். யாரும் என்னுதுக்குப் பேரு வெக்க வேணாம்."

"லேட்டா போனதாலதான்டி உங்கம்மா..."

"போனதாலதான் செத்தாங்க" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சில் நுழைய இடமில்லை.

நான் வெளியே வந்து சைக்கிளைப் பார்த்தேன். எதையாவது பார்க்க வேண்டும் போல இருந்தது. சீட்டைப் பார்த்ததும் எனக்கே உடம்பு கூசியது. மேல்தோல் பிளந்து, ஸ்பாஞ்சு தேய்ந்து மாவாகி, உள்ளே இருந்து கம்பி எட்டிப் பார்த்தது. அதன் மேல் ஒரு துணிக்கடைப் பையைப் போர்த்திப் பழைய புடவைக் கிழிசலால் கட்டியிருந்தாள்.

"இதுல உக்காந்தா எனக்கு ஏழெட்டுக் கட்டி வந்திருக்கும். இதுவாடி சீட்டு? அரிவாள்மணை!" என்றேன்.

சும்மாதான் சொன்னேன். ஆனால் வனஜா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. தண்ணீரில் தத்தளிக்கிறவள் மரக்கட்டையைப் பார்த்தது போல இருந்தது.

"சீட்டாலயும் வரும், இல்ல?"

"வரும், ஏன் வராது..."

"அப்ப ஒண்ணு பண்றேன். புது சீட்டு போடறேன். நம்ம அம்மனுக்குக் கூழு ஊத்துற நாளுக்குள்ள அமுங்கிச்சுன்னா, இது சீட்டால வந்தது. அமுங்கலன்னா எங்கம்மாவால வந்தது."

கோயிலில் கூழ் ஊற்றுவது ஆடியின் கடைசி ஞாயிறு. தன் உயிருக்கு ஒரு பரீட்சை வைத்து, அதைத் திருத்துகிற வேலையை ஒரு சைக்கிள் சீட்டிடம் கொடுத்துவிட்டாள். இது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

ஆவடியில் கடைகளுக்கா பஞ்சம்? அங்கே வர மாட்டேன் என்றாள். "அல்லாம் என் இடியாப்பம் துன்றவங்க. ஏன் சீட்டு மாத்துறன்னு கேப்பானுங்க. அப்பால நான் போனதும் சிரிப்பானுங்க." ஆகவே பழைய சீட்டைக் கழற்றி, ஒயர் கூடையில் போட்டு, மேலே ஒரு துண்டை மூடிக்கொண்டு, இரண்டு பேரும் பூந்தமல்லி பஸ் ஏறினோம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் குமணன்சாவடி. பஸ்ஸில் பருத்திப்பட்டு ஏரி வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கூடையை மடியில் வைத்துக்கொண்டு, இடியாப்பப் பெட்டியைத் தாங்குவது போலத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. ஆகவே ஒரு கதை விட்டேன். "ஜெர்மனியில சைக்கிள் சீட்டு எப்படி வாங்குவாங்க தெரியுமா? கடையில ஒரு அண்டா நிறைய மாவு பிசைஞ்சு வெச்சிருப்பாங்க. நீ போய் அதுல உக்காரணும். உன் எலும்பு பதிஞ்ச அளவுக்குச் சீட்டு செஞ்சு தருவாங்க."

வனஜா கொஞ்ச நேரம் யோசித்தாள். "துன்ற மாவுலயா?"

"ஆமா."

"உப்பு போட்டதா, போடாததா?"

பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், ஒரு நிமிஷம் பழைய வனஜா வந்து போனாள்.

கடை பஷீருதீன் பாயுடையது. நெடுஞ்சாலை ஓரத்தில் மெட்ரோ தூண் நிழலில் இருந்தது. கூரையிலிருந்து சீட்டுகள் வௌவால்கள் போலத் தலைகீழாகத் தொங்கின. கூர்மூக்கு சீட்டு, அகல சீட்டு, பள்ளம் வைத்த சீட்டு, ஸ்பிரிங் சீட்டு. பாய் வெள்ளைத் தொப்பியும் மூக்குக் கண்ணாடியுமாக, மரியாதைப்பட்ட மனுஷர்.

"வாங்கம்மா. யாருக்கு சீட்டு?"

வனஜா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "ஊட்டுக்காரருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

"ஆளு எப்படிம்மா, கனமா, ஒல்லியா?"

"ஒல்லி. ஒசரம்."

"எங்கயாச்சும் வலிக்குதுன்னு சொன்னாரா?"

"அவரா? அவரு எதியும் சொல்ல மாட்டாரு."

அதோடு கேள்விகள் முடிந்தன. வீட்டில் இல்லாத மனுஷனின் உடம்பைப் பற்றி ஒரு கடைக்காரர் என்ன கேட்க முடியும்? ஒன்றிரண்டைக் கீழே எடுத்துப் போட்டார். வனஜா குனிந்து ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தினாள். மாவுப் பதம் பார்க்கிற கை அது. அரிசி மாவில் வெந்நீர் எவ்வளவு போதும் என்று அந்த விரல் அழுத்திச் சொல்லிவிடும், இந்த வட்டாரத்தில் அதற்கு ஈடு இல்லை. அந்த நம்பிக்கையில் அழுத்திப் பார்த்து, விரல் முழுக்கப் புதைகிற, ஊதிப்போன பன் மாதிரி ஒரு சீட்டைத் தேர்ந்தெடுத்தாள்.

"இது மெத்து மெத்துன்னு கீது பெரிம்மா. இதுல குந்துனா ஒண்ணியும் ஒறுத்தாது."

எனக்கும் அது சரியாகத்தான் தெரிந்தது. வலிக்கிற இடத்துக்கு மெத்தை வைப்பதில் என்ன தப்பு இருக்க முடியும்? பாய் அதைப் பளபளவென்ற பாலிதீன் உறையோடு கொடுத்தார். அந்த உறையோடேயே வனஜா அதைச் சைக்கிளில் மாட்டினாள். இதில் அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் கதவு வைத்து ஆறு வருஷமாகியும் அதன் மேல் ஒட்டிய தாளைப் பிரிக்காத வீடு இருக்கிறது. அது என் வீடு.

நான்கைந்து நாள் கழித்துக் கேட்டேன். "எப்படி இருக்கு?"

"வழுக்குது பெரிம்மா. மிதிக்க மிதிக்க மூக்குப் பக்கம் வந்துடறேன். அதனால மூக்கக் கொஞ்சம் மேல தூக்கி முடுக்கிகினேன். இப்ப வழுக்கல."

கட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் இடியாப்பம் எடுத்து வைக்கும்போது ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. அவள் கையிலிருந்து இடியாப்பம் விழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் யுவராணியின் குரல் தெருவில் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. மறுநாள் நான் வனஜா வீட்டுக்குப் போனேன். அவள் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"பெருசாயிடுச்சு" என்றாள்.

"எவ்வளவு?"

"நெல்லிக்கா."

வெளியே பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் உதறும் சத்தம் கேட்டது. நான் பாம்புக் கதையைத் தொடங்கினேன். நாகம் என்றே சொன்னேன், படத்தை இன்னும் பெரிதாக்கினேன், கொம்புகூட வைத்தேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் நானே நிறுத்திவிட்டேன். கேட்க ஆள் இல்லாத பொய் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"யுவராணிக்குத் தெரியுமா?"

"கால் சுளுக்குன்னு சொல்லிகீறேன். பெரிம்மா, புது சீட்டும் போட்டாச்சு, கொறயல. ஏறுது. அப்ப தீர்ப்பு வந்துடுச்சு, இல்ல?"

"டாக்டர்கிட்ட போவோம் வா."

"பொண்ணுக்கு இடியாப்ப மாவு பதம் சொல்லித் தரணும். அந்தக் கம்பெனிய நம்ப முடியாது. அத்த மட்டும் முடிச்சுடறேன்."

இதை அழுதுகொண்டே சொல்லியிருந்தால் தேறுதல் சொல்லியிருப்பேன். கடைக்குப் போய் வரச் சொல்வது போலச் சொன்னாள். வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது ஒரு நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. வனஜாவிடம் வாங்கியதை என்னிடம் திருப்பிக் கொடுத்தது போல.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டில் மணி அடித்தது. யுவராணி. அம்மாவின் சைக்கிளில் எனக்கு இடியாப்பம் கொண்டு வந்திருந்தாள். இறங்கியதும் இறங்காததுமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"இன்னா பாட்டி சீட்டு இது? சறுக்கு மரமா? அங்கேர்ந்து இங்க வர்றதுக்குள்ள மூக்கு ஏறி என்னிய ரெண்டா பொளந்துடுச்சு! அம்மா எப்படித்தான் இதுல குந்துச்சோ. அந்தக் கவரக் கிழின்னு சொன்னா, புதுசு அழுக்காவும்னுது."

என் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, வெளியே போய் சீட்டைத் தொட்டேன். வெயிலில் பாலிதீன் சுட்டது. மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. மேலே கையை வைத்து அழுத்தினேன். நடு பாகம் புதைந்து, இரண்டு பக்கமும் பிதுங்கி, மூக்கு இன்னும் மேலே எழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பரீட்சைத் தாளே தப்பு. தப்பான கேள்விக்கு வந்த பதிலை வைத்துக்கொண்டுதான் அவள் பாயில் படுத்துக் கிடக்கிறாள்.

யுவராணியிடம் ஒன்றும் சொல்லாமல் நேராக வனஜா வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் எழுந்து உட்கார்ந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்கோ உதடு வெளுத்துவிட்டது.

"ஆச காட்டாத பெரிம்மா. இப்பத்தான் மனச ஒரு மாதிரி கட்டி வெச்சேன். மறுபடியும் அவுத்து உடாத."

"சீட்டு தப்புடி."

"சீட்டும் தப்பா இருக்கும். கட்டியும் அதுவா இருக்கும். அப்ப?"

ஒரு நிஜமான கேள்விக்கு, பொய்யாகக்கூட, என்னிடம் ஒன்றும் கிடைக்கவில்லை. "அப்ப நான் கூட இருப்பேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து முகம் கழுவினாள்.

மறுபடி குமணன்சாவடி. மறுபடி ஒயர் கூடை. இந்த முறை அதற்குள் புது சீட்டு. பாய் எங்களைப் பார்த்ததும், "என்னம்மா, அண்ணனுக்கு சரியா வரலியா?" என்றார்.

வனஜா கூடையைக் கீழே வைத்தாள். தொங்குகிற சீட்டுகளை அண்ணாந்து பார்த்தாள். சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி இரைந்து போய் முடிந்தது. பிறகு, தரையைப் பார்த்து, ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

"அவருக்கு இல்ல பாய். எனக்கு. எனக்குத்தான் வலி."

பாய் சிரிக்கவில்லை. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுப் பக்கம் திரும்பி, "ராபியா, கொஞ்சம் வாம்மா" என்று குரல் கொடுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே டீக்கடைக்குப் போய்விட்டார்.

ராபியா அவர் மனைவி. ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வந்தாள். வனஜாவின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைக்குப் பின் அறைக்குக் கூட்டிப்போனாள். ஒரு மர ஸ்டூலின் மேல் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒரு துண்டை விரித்தாள்.

"உக்காருங்க அக்கா. நல்லா பாரம் போட்டு. முழங்காலக் கொஞ்சம் மேல தூக்குங்க. ஆங், இப்ப எழுந்திருங்க."

அட்டையில் இரண்டு பள்ளங்கள் பதிந்திருந்தன. ராபியா அவற்றின் மேல் விரல்களை வைத்து அகலம் பார்த்தாள். வனஜா என் பக்கம் திரும்பினாள். அந்த நிலைமையிலும் அவள் கண் கொஞ்சம் விரிந்தது.

"பெரிம்மா! மாவுக்குப் பதிலு அட்ட!"

நான் விட்ட கதைகளில் ஒன்று பாதி உண்மையாகிவிட்டதில் எனக்குத்தான் மானம் போயிற்று.

ராபியா கொண்டு வந்த சீட்டு பின்னால் அகலம், மூக்கு குட்டை, நடுவில் நீளமாக ஒரு பள்ளம். வனஜாவின் கட்டைவிரல் வழக்கப்படி போய் அழுத்தியது. புதையவில்லை.

"கல்லு மாதிரி கீதே!"

"வெரலால பாக்காதீங்க அக்கா, வெரல் மேலயா சைக்கிள் ஓட்டறீங்க? மெத்தையில எலும்பு ரெண்டும் அமுங்கிப் போயிடும். அப்ப நடுவுல இருக்கற சதைதான் ஒங்க பாரத்தத் தாங்கும். அதான் மரத்துப் போவுது. எலும்பத் தாங்க இது போதும்." பாலிதீன் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்துக் குப்பையில் போட்டாள். வனஜா, "ஐயோ" என்றாள். "மூக்கு மட்டமா இருக்கணும். மேலயும் பாக்கக் கூடாது, கீழயும் பாக்கக் கூடாது. இன்னாக்கா, வேற ஏதாச்சும் இருக்கா?"

வனஜா கூடையின் துண்டைச் சரிசெய்தாள். ராபியா குரலைத் தாழ்த்தினாள். "புண்ணா? கட்டியா?"

"கட்டி."

"சீட்டு நான் தரேன் அக்கா. ஆனா கட்டி இன்னாதுன்னு சீட்டு சொல்லாது. பூந்தமல்லியில மெடிக்கலுக்கு மேல ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. நானும் போயிருக்கேன், பயந்துகிட்டேதான் போனேன்."

"இந்த சீட்ட போட்டு பாக்கறேன். கூழு ஊத்துற வரிக்கும் டைம் கீது."

"சரி" என்றாள் ராபியா. "போட்டுப் பாத்து, கொறஞ்சா ஒங்களுக்கு நிம்மதி வந்துடுமா? மறுபடி வந்தா?"

வனஜா அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள், அட்டையில் தன் பள்ளங்களின் மேலேயே. பிறகு எழுந்து, கல் சீட்டையும் பன் சீட்டோடு கூடைக்குள் வைத்து, துண்டால் மூடினாள். "மெடிக்கலு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

டாக்டர் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. எதிர்ச் சுவரில் கர்ப்பிணிகள் சாப்பிட வேண்டியவை பற்றிய படம், அதில் ஒரு கேரட்டுக்குக் கண்ணும் வாயும் வரைந்திருந்தார்கள். அந்தக் கேரட் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் வனஜா நிமிர்ந்து பார்த்தாள். கூடையை மடியிலிருந்து இறக்கவில்லை. அவள் உள்ளே போனதும் கூடை என் மடிக்கு வந்தது. அந்தச் சீட்டின் பள்ளத்தில் விரலை ஓட்டிக்கொண்டு, நான் எந்தச் சாமியையும் விடாமல் கூப்பிட்டேன்.

கதவு திறந்தது. வனஜாவின் முகத்தில் ஒன்றும் இல்லை. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"இன்னாடி சொன்னாங்க?" பதற்றத்தில் எனக்கும் 'இன்னா' வந்துவிட்டது.

"பேரு வெச்சுட்டாங்க பெரிம்மா."

என் மடியிலிருந்து கூடை சரிந்தது. கல் சீட்டு தரையில் விழுந்து உருண்டு கேரட்டின் கீழே போய் நின்றது.

"இன்னா பேரு?"

"வேனக்கட்டி" என்றாள். பிறகுதான் அழத் தொடங்கினாள். "ஒரசி ஒரசி, வேர்வ அடைச்சி, முடி வேருல சீழ் கட்டிகினு கீதாம். மாத்தர, சுடுதண்ணி. ஆறுற வரிக்கும் சைக்கிள தொடக்கூடாதாம். எங்கம்மா விசயத்தியும் சொன்னேன். முன்னியே வந்திருக்கணும்னாங்க. அதுக்கும் தனியா ஒரு டெஸ்ட்டு எடுத்துகினாங்க. ரிசல்ட்டு அடுத்த வாரமாம்."

ஆக, பயம் முழுதாக இறங்கவில்லை, பாதிதான் இறங்கியது. மீதிப் பாதியை அந்த ஒரு வாரம் இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தோம். அன்றே அவள் யுவராணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் கேட்டுவிட்டு, முதலில் அம்மாவைத் திட்டி, அப்புறம் அந்த பன் சீட்டை எடுத்துக் கொல்லையில் வீசி, அப்புறம் அம்மாவின் மடியில் தலை வைத்து அழுததாகக் கேள்வி. ரிசல்ட் வாங்க மூன்று பேருமாகப் போனோம். வேம்புலியம்மாளுக்கு வந்தது வனஜாவிடம் இல்லை.

கூழ் ஊற்றுகிற நாளில் அந்தக் கட்டி முழுதாகப் போய்விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். துவரம்பருப்பு அளவுக்கு மிச்சம் இருந்தது. அவள் போட்ட பரீட்சைப்படி பார்த்தால் தோல்விதான். கோயில் வாசலில் சொம்பு நிறையக் கூழ் வாங்கி, முருங்கைக்கீரை தொட்டுக்கொண்டு, "போனா போவுது, இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டு போவட்டும்" என்று சொல்லிக் குடித்தாள். ஆவணி பிறந்து, அது போன இடம் தெரியாமல் ஆறி, டாக்டரும் சரி என்ற பிறகுதான் சைக்கிளில் ஏறினாள். கல் சீட்டு, மட்டமான மூக்கு, உறை இல்லை. முதல் நாள் என் கேட் முன்னால் இறங்கியவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"மரத்துப் போவல பெரிம்மா. வலிக்குது! எலும்பு ரெண்டும் நல்லா வலிக்குது!" என்றாள். வலியை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன மனுஷியை நான் பார்த்ததில்லை. அந்த வலியும் சில நாளில் பழகிப் போய்விட்டது.

இன்று காலை இதையெல்லாம் எழுதி முடித்து, அவளை நிறுத்தி உட்கார வைத்து, முழுவதையும் படித்துக் காட்டினேன். பெட்டி சூடு ஆறுகிறதே என்று ஒரு கண்ணைச் சைக்கிள் மேலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். டாக்டர் அறை வாசலைப் பற்றி நான் முதலில் இப்படி எழுதியிருந்தேன்: "வனஜா பயத்தில் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் பாறை போல அசையாமல் உட்கார்ந்திருந்தேன்."

அந்த இடம் வந்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"பாம்பு எதுவா வேணா இருந்துட்டு போவட்டும். இத்த மட்டும் மாத்து. கைய புடிச்சது நானு இல்ல, நீ. டாக்டரம்மா கூப்டப்ப, உன் வெரல ஒண்ணொண்ணா பிரிச்சி எடுத்துட்டுதான் நான் உள்ள போனேன் பெரிம்மா. எழுது."